உள்ளம் உரைக்கும் வழி

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்ததும் எம் ஊர்களிலே ஒரு பருவம் தொடங்குகின்றது. மாரி, கோடை என்பன போல அதற்குப் பெயரில்லை. ஆனாற் பிள்ளைகள் உள்ள வீடு எல்லாவற்றிற்கும் அது தெரியும். கணிதமா, உயிரியலா, வர்த்தகமா, கலையா, தொழினுட்பமா என்ற வினா அடுக்களையில் எழும். கோயில் வீதியில் எழும். கலியாண வீட்டுப் பந்தியிலும் எழும். மாமன்மார் ஒன்று சொல்வர். ரியூட்டரி ஆசிரியர் மற்றொன்று சொல்வர். முன்வீட்டுப் பிள்ளை சென்ற ஆண்டு எடுத்த துறையும் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். பதினாறு வயதுப் பிள்ளையோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாளாவிருக்கும். "உனக்கு என்ன விருப்பம்?" என்று ஈற்றிலே யாரேனும் கேட்டால், "எதுவென்றாலும் சரி" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை.

இவ்விடையைக் கேட்டு மகிழும் பெற்றோரை நாம் கண்டிருக்கின்றோம். சொற்கேளாப் பிள்ளைகள் மலிந்த காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்பது அவர்தம் எண்ணம். ஆசிரியத் தொழிலில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்த எமக்கு அவ்விடை அச்சத்தையே தருகின்றது. எதுவென்றாலும் சரி என்னும் பிள்ளை, தன் நெஞ்சோடு ஒருநாளேனும் இருந்து பேசிப் பாராத பிள்ளை.

நெஞ்சோடு பேசுதல் தமிழர்க்குப் புதியதன்று. திருக்குறளின் காமத்துப்பாலில் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமும், 'நெஞ்சொடு புலத்தல்' என மற்றோர் அதிகாரமும் உள. கிளத்தல் என்றாற் சொல்லுதல். புலத்தல் என்றாற் பிணங்குதல். அங்கே பேசுபவள் காதலனைப் பிரிந்த தலைவி. அவள் தன் நெஞ்சைத் தோழியொருத்தியைப் போல எதிரே நிறுத்திக் கேட்கின்றாள், கடிகின்றாள், ஊடுகின்றாள். நெஞ்சு ஆட்டுவித்தபடி ஆடும் பாவையாக அவள் இல்லை. நெஞ்சை மதியாதவளாகவும் இல்லை. காதலைப் பாட வந்த இடத்திலே வள்ளுவர் காட்டிய இம்முறை, வாழ்வின் பிற துறைகளுக்கும் ஏற்றதே என்பது எம் கருத்து.

உள்ளத்தின் குரலைக் கேள், அதன் வழியே செல், வாழ்வின் நோக்கம் தானே புலப்படும் என்று இக்காலத்தில் மேடைதோறும் பேசுகின்றனர். அக்கூற்றில் உண்மையுண்டு, ஆனால் அது பாதி உண்மை. மற்றப் பாதியைக் காண்பதற்கு எம் நாட்டவராகிய விபுலாநந்த அடிகளின் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்த்தாற் போதும்.

அடிகள் 1892 ஆம் ஆண்டு மட்டக்களப்பின் தென்பாலுள்ள காரைதீவிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்றுப் பதினாறாம் வயதிலே கேம்பிரிட்ச் சீனியர் பரீட்சையிற் சித்தியடைந்தார். பின்னர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916 இல் அவர் இரண்டு தகைமைகளைப் பெற்றார். ஒன்று, கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியின் விஞ்ஞான டிப்ளோமா. மற்றது, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே என்பர். ஒரே ஆண்டில் ஆய்வுகூடமும் தொல்காப்பியமும்! இன்றைய எம் பிள்ளை ஒன்று இவ்வாறு செய்யப் புகுந்தால், "ஒன்றிலே கவனத்தை வை" என்று நாமே அதட்டியிருப்போம் போலும்.

1917 இல் யாழ்ப்பாணம் அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்க வந்தார். அக்காலத்திலே இராமகிருஷ்ண மிஷன் துறவியாகிய சர்வானந்தரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. கதை எழுதுவோராயின் இவ்விடத்தில், மயில்வாகனனார் அன்றிரவே வீட்டைத் துறந்து புறப்பட்டார் என்று எழுதிவிடுவர். நடந்தது அதுவன்று. அவர் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்துச் சித்தியடைந்தார். 1920 இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகப் பொறுப்பேற்றார். 1922 இலேதான் சென்னை மயிலாப்பூரிலுள்ள இராமகிருஷ்ண மடத்துக்குச் சென்று சேர்ந்தார்.

இந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி எம் மாணவர்க்கு நாம் அடிக்கடி சொல்வதுண்டு. அந்நாட்களில் அவர் உள்ளத்தினுள் நிகழ்ந்தது யாதென்று எவராலும் கூறல் இயலாது. செயல்களின் வரிசை மட்டுமே எம் கண்முன் உள்ளது. மனத்திலே ஓர் அழைப்பு எழுந்தபின், அவர் கைப்பணியைக் குறைபட விட்டு ஓடவில்லை. பட்டத்தை அரைகுறையில் நிறுத்தவுமில்லை. ஐந்தாண்டு சென்ற பின்னும் அவ்வழைப்பு மங்காது நின்றது. சம்பளம் உயர்ந்தபோதும் நின்றது. அதிபர் நாற்காலி கிடைத்தபோதும் நின்றது. இத்தனைக்குப் பின்னும் நிற்கும் குரலை ஆசைக் குரலென்றோ அவசரக் குரலென்றோ தள்ளிவிடுதல் எப்படி? "கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்று பழமொழி சொல்லி வாழ்ந்த நாட்டிலே, முப்பது வயதிற் பட்டதாரி அதிபர் ஒருவர் பதவியை விட்டுக் காவியை நாடிச் சென்றதை ஊரார் எவ்வாறு பேசியிருப்பர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

1924 இலே துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். துறவி ஆனபின் மலைக்குகையிலே கண்மூடி இருந்தாரா? அதுவுமில்லை. இலங்கைக்குத் திரும்பி வந்து மிஷன் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சென்னையிலே விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க அறிஞர் கூடியபோது தலைமை தாங்கினார். 1939 முதல் இரண்டாண்டளவு இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில மாசிகையை நடத்தினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

இப்பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கும் ஒருவர், "இவர் ஓரிடத்தில் நிலையாக இருக்கவில்லையே, ஒரு நோக்கமும் இல்லாதவர் போல அலைந்திருக்கின்றாரே" என்று நினைக்கக்கூடும். இக்காலத்து வேலை தருவோர் முன் இப்படி ஒரு தன்விவரக் கோவை சென்றால், கேள்வி மேற் கேள்வி எழும். ஆனால் இத்தனை ஊர் மாற்றத்தினூடே ஒன்று மட்டும் அவரை விடாது தொடர்ந்தது. அது யாழ்.

பழந்தமிழர் வாசித்த யாழ் என்னும் இசைக்கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அது எவ்வடிவினது, அதன் நரம்புகள் எவ்வாறு சுருதி கூட்டப்பட்டன என்பதைக் காட்ட ஒரு கருவிகூட மிஞ்சவில்லை. யாழும் வீணையும் ஒன்றே என மயங்கியோரும் இருந்தனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் உரைகளிலும் உள்ள குறிப்புகளே எஞ்சிய சான்று. அவை தமிழ்ப் புலமை மட்டும் உடையார்க்கு முழுவதும் விளங்கா. இசை மட்டும் தெரிந்தார்க்கும் விளங்கா. ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியிற் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினாற் குரல் என்னும் முதற் சுரத்துக்கு ஐந்தாவதாகிய இளி பிறக்கும். இவ்வாறு நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள பின்னக் கணக்கைப் பௌதிகம் கற்றவர் அறிவர். அக்கணக்கைக் கையிற்கொண்டு, பழைய உரையின் இருண்ட வரிகளுள் அடிகள் புகுந்தார். ஏறக்குறைய 14 ஆண்டுகள் அவ்வாராய்ச்சி நடந்தது. கொழும்பிலே கற்ற விஞ்ஞானமும் மதுரைப் பண்டிதர் பரீட்சைக்குக் கற்ற இலக்கணமும் ஒன்றோடொன்று சந்தித்த இடம் அதுவே.

1916 இலே அவ்விரு பரீட்சைகளுக்கும் படித்த இளைஞர், இவை இரண்டும் ஒருநாள் யாழின் நரம்பிலே வந்து கூடும் என்று அறிந்திருப்பாரா? நாம் அப்படி நினைக்கவில்லை. நோக்கம் என்பது தொடக்கத்திலேயே முழு உருவோடு வந்து நிற்கும் என எதிர்பார்ப்பதனாலேதான் இளைஞர் பலர் சோர்ந்துபோகின்றனர். அடிகளுக்கோ அடுத்த அடி மட்டுமே தெரிந்தது போலும். அந்த அடியை அவர் செம்மையாக வைத்தார்.

'யாழ்நூல்' 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவாலயத்திலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேறியது. அடிகள் வகுத்த கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்களை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர். அவற்றை அங்கே இசைத்தும் காட்டினர். அடிகளின் உடல் அப்போது நோயால் நலிந்திருந்தது. ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின், 1947 யூலை 19 ஆம் நாள், அவர் மறைந்தார். அவரது சமாதி கல்லடி உப்போடையில், அவர் நிறுவிய வித்தியாலயத்தின் வளவிலேயே இருக்கின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இசையும் நடனமும் நாடகமும் கற்பிக்கும் நிறுவகமும் அவர் பெயராலேயே கல்லடியில் இயங்குகின்றது.

அடிகளைப் போல எல்லாரும் பதவியைத் துறக்க வேண்டுமா என்று யாரேனும் கேட்கலாம். வேண்டியதில்லை. சிறுப்பிட்டியிலே 1832 இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி. ஏ. பரீட்சையிற் சித்தியடைந்த இருவருள் ஒருவர். அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பார்த்தார். சட்டம் கற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். பின்பு புதுக்கோட்டையில் நீதிபதியுமானார். உலகியலில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும், செல்லரித்து அழியும் ஏட்டுச் சுவடிகளைத் தேடி வாங்கி, ஒப்புநோக்கி, அச்சிலேற்றும் வேலையை அவர் விடவில்லை. வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என ஒன்றன்பின் ஒன்றாக அவர் பதிப்பித்தார். அவர் உள்ளம் அழைத்த பணி வேறு. சம்பளம் தந்த பணி வேறு. இரண்டையும் ஒரே தோளிற் சுமந்தார். குடும்பக் கடன் உள்ள வீட்டுப் பிள்ளைகளும், தங்கைமாரைக் கரைசேர்க்க வேண்டிய அண்ணன்மாரும் அடிகளின் வரலாற்றைக் காட்டிலும் இவர் வரலாற்றினால் அதிக ஆறுதல் அடைவர் என்று நினைக்கின்றோம்.

உள்ளத்தின் குரலை நம்பியதற்குக் கணித மேதை இராமானுஜனைச் சான்று காட்டுவோர் பலர். நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரங்களைக் காட்டியருளியதாக அவர் கூறியது மெய்யே. கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாது, கல்லூரிப் பரீட்சைகளில் அவர் திரும்பத் திரும்பத் தவறியதும் மெய்யே. ஆனால் அவ்வளவோடு கதையை முடித்துவிட்டால், படிக்க மனமில்லாத பையன்களுக்கு நல்லதொரு சாட்டுக் கிடைத்துவிடும்! 1912 இலே சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்துக்கு எழுத்தராக அவர் அமர்ந்ததையும், அங்கிருந்தபடியே 1913 சனவரியிற் கேம்பிரிட்சிலிருந்த ஹார்டிக்குத் தம் தேற்றங்களை எழுதி அனுப்பியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹார்டி வியந்தார், வியந்ததோடு நில்லாது நிறுவல்களைக் கேட்டார். அக்கடிதத்திலே, ஓர் எண்ணுக்குட்பட்ட முதன்மை எண்கள் எத்தனை எனத் துல்லியமாகக் கூறும் வழி தமக்குக் கிடைத்துள்ளதாக இராமானுஜன் எழுதியிருந்தார். அது பிழை எனப் பின்னர் தெளிவாயிற்று. இதனால் அவர் பெருமை ஒரு சிறிதும் குறையவில்லை. 1918 இலே றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. எனினும், அத்தகைய மேதையின் உள்ளமே ஒரோவிடத்துப் பிழையாகச் சொல்லியதென்றால், எம் போன்றோரின் உள்ளம் சொல்வதைப் பிறிதொருவர் சரிபார்ப்பதில் இழிவென்ன? கனவிலே கிடைத்த சூத்திரமும் பகலிலே நிறுவப்படல் வேண்டும்.

கிரேக்க ஞானி சோக்கிரட்டீஸ் தமக்குள் ஒலித்த குரலைப் பற்றிக் கூறியது இங்கே நினைவுக்கு வருகின்றது. கி. மு. 399 இல், எழுபது வயதளவில், ஏதென்ஸ் நகரத்து நீதிமன்றின் முன் அவர் பேசியதை மாணாக்கர் பிளேட்டோ எழுதிவைத்தார். இளமை தொட்டே அக்குரல் தமக்குக் கேட்பதுண்டு என்றும், அது தம்மைத் தடுப்பதன்றி ஒருபோதும் ஏவியதில்லை என்றும் சோக்கிரட்டீஸ் கூறுகின்றார். அரசியலிலே புகாது தம்மைத் தடுத்ததும் அக்குரலே என்கின்றார். இது எமக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுகின்றது. "உன் நோக்கம் இது" என்று உரத்துக் கூறும் குரலுக்காகக் காத்திருப்பவர்க்கு அது கேளாமலே போகலாம். "இது உனக்குரியதன்று" என்னும் மெல்லிய தடையோ பெரும்பாலோர்க்கு எப்போதாவது கேட்டிருக்கும். எது வேண்டாம் என்பதை நேர்மையாக அறிந்தவன், எது வேண்டும் என்பதைத் தேடும் வெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்கின்றான்.

ஆனால் இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. நெஞ்சிலே எழும் ஒலியெல்லாம் நெஞ்சின் ஒலியன்று. "எனக்கு வைத்தியத் துறையே விருப்பம்" என்று உறுதியாகச் சொல்லும் பிள்ளையைச் சற்றுப் பேசவிட்டுக் கேட்டால், உள்ளே பேசுவது சின்னம்மாவாக இருக்கக் காண்போம். "எனக்குக் கணிதம் ஒத்துவராது" என்னும் பிள்ளையைக் கேட்டால், எட்டாம் வகுப்பிலே கிடைத்த ஓர் அவமானம் இன்னும் உள்ளிருந்து பேசும். சோம்பலும் பேசும். அச்சமோ எல்லாவற்றிலும் உரத்துப் பேசும். அது விவேகத்தின் வேடம் பூண்டு வருவதால் இனங்காண்பது கடினம்.

இவற்றினின்றும் மெய்க்குரலைப் பிரித்தறிய எமக்குத் தெரிந்த வழி ஒன்றே. அத்தொழிலின் சுவையற்ற பகுதியைச் செய்து பார்க்க வேண்டும். மேடையிலே நின்று பாடுவது எல்லார்க்கும் விருப்பம். விடியற்காலையிலே ஒரே வரிசையை நாற்பது முறை பாடுவது சிலர்க்கே இயலும். வெள்ளை மேலங்கியும் கழுத்திலே குழலும் கண்ணுக்கு அழகு. நோயாளியின் புண்ணைக் கழுவுவது அழகன்று. அந்த அழகற்ற வேலையைச் செய்யும்போதும் உள்ளே ஓர் அமைதி இருக்குமாயின் அதனை நம்பலாம். தாமோதரம்பிள்ளைக்குச் செல்லரித்த ஏடும், அடிகளுக்குப் பின்னக் கணக்கும் அத்தகைய வேலைகளாகவே இருந்திருக்கும்.

இதற்கெல்லாம் கொஞ்சம் தனிமை வேண்டும். அதனை எம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுவைக்கவில்லை. பள்ளி முடிந்தால் ரியூட்டரி. ரியூட்டரி முடிந்தாற் கைபேசி. வேலி ஓரமாக ஒருவன் ஒன்றும் செய்யாது அரைமணி நேரம் நின்றால், "என்ன, சுகமில்லையா?" என்று தாய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கின்றாள். பெற்றோரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. போரிலும் இடப்பெயர்விலும் எல்லாவற்றையும் இழந்து, மிஞ்சியது கல்வி ஒன்றே என்று கண்ட தலைமுறை அது. தன் பிள்ளைக்கு உறுதியான தொழிலொன்று வேண்டும் என்று அது துடிப்பதில் தவறு காண எவர்க்கும் உரிமையில்லை. அந்த அச்சத்துக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவே பேச்சு நடக்க வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். பேச்சு நடவாத வீடுகளில், முப்பத்தைந்தாவது வயதிலே பிள்ளை பேசத் தொடங்குகின்றது. அப்போது அதற்கு இரண்டு பிள்ளைகளும் வங்கிக் கடனும் இருக்கின்றன.

உயர்தர உயிரியல் வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் எம்மிடம் வந்தாள். கெட்டிக்காரி, வைத்தியத் துறைக்குத் தெரிவாகக்கூடியவள் என்று எல்லாரும் எதிர்பார்க்கின்றனர். மாலையிலே தன் ஒழுங்கையிலுள்ள சிறு பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மாமரத்தடியில் இருத்தி எழுத்துக் கற்பித்து வருகின்றாள். அதிலேதான் தன் மனம் நிற்கின்றது என்றாள். வீட்டிலே சொல்லப் பயமாக இருக்கின்றது என்றாள். எம்மிடம் தீர்ப்பை எதிர்பார்த்து வந்தாள் என்பது முகத்திலே தெரிந்தது. நாம் தீர்ப்புக் கூறவில்லை. மனமில்லாத நாட்களிலும், தலையிடித்த நாட்களிலும், அந்தப் பிள்ளைகள் சொற்கேளாது குழப்படி செய்த மறுநாளும் போனாயா என்று மட்டும் கேட்டோம். அவள் சற்று நேரம் யோசித்தாள். பின்பு விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

எண்ணி முடித்தபின் என்ன கண்டாள் என்று எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அன்று மாலை தகப்பனாரோடு பேசியதாக மட்டும் பின்னர் அறிந்தோம். அவரும் கோபிக்கவில்லையாம், ஓரளவு யோசித்துவிட்டு, "முதலிலே பரீட்சையை எழுது, பிறகும் பேசுவோம்" என்றாராம். பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கின்றது. அவள் மாமரத்தடிக்கும் போகின்றாள்; பாடங்களையும் விடாது படிக்கின்றாள்.